ஒரு வாய்த் தேநீருக்கு ஒரு கோப்பையா?



அடுத்த முறை ஒரு கலியாண வீட்டுக்கோ மௌத்து வீட்டுக்கோ போனால், வந்த காரியம் முடிந்ததும் உடனே திரும்பிவிடாமல், அந்த வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வேலியோரத்தில் ஒரு குவியல் கிடக்கும். அதில் மிச்சச் சோறும் எலும்பும் சொற்பம்தான். அவற்றைக் காகமும் பூனையும் பார்த்துக்கொள்ளும். குவியலை மலைபோல் உயர்த்திக் காட்டுபவை கடதாசிக் கோப்பைகள். குளிர்பானம் குடித்த கோப்பை, தண்ணீர் குடித்த கோப்பை, பிளேன் டீ குடித்த கோப்பை, கோப்பி குடித்த கோப்பை என்று ஒருவருக்கே மூன்று நான்கு இருக்கும். பாதி குடித்துவிட்டு எங்கோ வைத்து, எதுவென்று தெரியாமல் புதிதாக எடுத்தவையும் அவற்றுள் அடங்கும்.

ஒரு விடயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சாப்பாட்டில் நாம் இன்னும் சிக்கனமானவர்கள்தாம். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிட்டு எழும்புகிறோம். ஆறு பேருக்கு ஒரு பாத்திரம். வீசி எறிய எதுவும் இல்லை. கழுவினால் அடுத்த பந்திக்குத் தயார். ஆனால் அதே ஆறு பேர் தண்ணீருக்கும் தேநீருக்குமாகப் பன்னிரண்டு, பதினெட்டுக் கோப்பைகளை வீசி எறிகிறோம். உண்பதில் இருக்கின்ற ஒழுங்கு குடிப்பதில் இல்லாமல் போய்விட்டது. இந்த மாதம் இந்தச் சின்னக் கோப்பையைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

ஒரு நடுத்தரமான பள்ளிவாசலில் நோன்பு திறக்க நாளொன்றுக்கு 150 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சிக்கு ஒன்று, சர்பத்துக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று என ஆளுக்கு மூன்று கோப்பை. ஒரு நாளைக்கு 450. முப்பது நோன்புக்கு 13,500. இது ஒரு பள்ளிவாசலில் மட்டும். உங்கள் ஊரில் எத்தனை பள்ளிவாசல்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

500 பேர் வருகின்ற ஒரு கலியாணத்தில் இதே கணக்குப்படி 1,500 கோப்பைகள். காரியாலயத்தில் வேலை செய்யும் ஒருவர் காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றும் கடையிலிருந்து வரவழைத்துக் குடித்தால், வருடத்தில் 250 வேலை நாட்களுக்கு 500 கோப்பைகள். ஒவ்வொன்றும் நம் கையில் இருப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான்.

கடதாசி என்று நம்பி ஏமாறுகிறோம்

"பிளாஸ்டிக் என்றால்தான் கூடாது. இது வெறும் கடதாசிதானே, மண்ணோடு மண்ணாகப் போய்விடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. வெறும் கடதாசியில் கொதிக்கும் தேநீரை ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் ஊறி, நைந்து, கையில் வழிந்துவிடும். கோப்பை வழியாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பொலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் படலம். நமக்குப் பழக்கமான பொலித்தீன் பைக்கும் இதுதான் மூலப்பொருள். கோப்பையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் அந்த வழவழப்பு கைக்குத் தட்டுப்படும்.

எடையில் அந்தப் படலம் சிறிதளவுதான். ஆனாலும் கடதாசியோடு இறுக ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைப் பிரித்தெடுப்பது சிரமம். பழைய பத்திரிகையையும் அப்பியாசக் கொப்பியையும் வாங்கிக் கூழாக்கிப் புதுக் கடதாசி செய்யும் சாதாரண ஆலைகளால் இந்தக் கோப்பையைக் கையாள முடியாது. அதற்கென்று தனியான இயந்திரங்கள் தேவை. செல்வந்த நாடான பிரித்தானியாவின் நிலையையே பாருங்கள். அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் சுற்றாடல் குழு 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கே வருடத்துக்கு 250 கோடிக் கோப்பிக் கோப்பைகள் வீசப்படுகின்றன என்றும், அவற்றில் 400 இல் ஒன்றுக்கும் குறைவானதே மீள்சுழற்சிக்குப் போகிறது என்றும் அது கூறியது. வசதியும் இயந்திரமும் உள்ள நாட்டிலேயே நிலைமை அதுவென்றால், நம்முடைய வேலியோரக் குவியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணில் புதைத்தால் என்னவாகும்? கடதாசி மெல்ல மெல்ல உக்கிப்போகும். பிளாஸ்டிக் படலம் உக்காது. வெயிலிலும் மழையிலும் கிழிந்து, நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகி மண்ணிலும் கிணற்று நீரிலும் கலக்கும். எரித்தால் கரிப்புகையும் நச்சு வாயுக்களும் கிளம்பும். பின்வளவில் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது பக்கத்து வீட்டில் இழுப்பு நோயாளி இருக்கிறார் என்பதை நாம் நினைப்பதில்லை.

"உக்கும் கோப்பை" என்று சொல்லி விற்கப்படுகின்ற இன்னொரு வகையும் இருக்கிறது. சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யப்படும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கை உள்ளே பூசியிருப்பார்கள். அது உக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் பெரிய உரத் தொழிற்சாலை வேண்டும். உங்கள் வீட்டுப் பசளைக் குழியில் அந்த வெப்பம் வராது. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தேநீரோடு உள்ளே போவது

இது உடல்நலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் தாய்மார் கவனமாக வாசிக்க வேண்டும். இந்தியாவின் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கடதாசிக் கோப்பைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான 100 மில்லிலீற்றர் நீரை அவற்றில் ஊற்றிப் 15 நிமிடம் வைத்தார்கள். அந்த நீரில் ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்திருந்தன. நாளொன்றுக்கு மூன்று கோப்பை குடிப்பவரின் வயிற்றுக்குள் இவ்வாறு 75,000 துணுக்குகள் போகக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 இல் வெளியான ஆய்வு இது.

இந்தத் துணுக்குகள் மனித உடலில் என்னென்ன செய்யும் என்பது பற்றிய ஆராய்ச்சிகள் தொடர்கின்றன. அதற்காக யாரும் பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால் சுடச்சுட ஊற்றிய நோன்புக் கஞ்சியை இந்தக் கோப்பையில் வைத்து, அதான் சொல்லும்வரை காத்திருந்து, பச்சிளம் பிள்ளைக்கும் அதிலிருந்தே ஊட்டுவது அவசியம்தானா என்று ஒரு தடவை யோசியுங்கள். பீங்கான் கோப்பையிலோ கிளாஸிலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வீசிய பிறகு எங்கே போகிறது?

"வீசிவிட்டேன்" என்று சொல்கிறோம். எங்கே வீசினோம்? நம் வாசலை விட்டுப் போன பொருள் இன்னொருவருடைய வாசலில் போய்க் கிடக்கிறது. இந்த உண்மையை நம் நாடு கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொலன்னாவைப் பகுதியில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. வருடக்கணக்காகக் கொழும்பு நகரம் கொட்டிய குப்பை அது. பக்கத்திலிருந்த வீடுகள் புதைந்தன. 32 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் குப்பைமேட்டில் கிடந்த ஒவ்வொரு பொருளும் எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு கடையில் யாரோ ஒருவர் "வீசிவிட்ட" பொருள்தானே?

அதற்குப் பிறகு கொழும்புக் குப்பைக்கு இடம் தேட வேண்டி வந்தது. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில் உள்ள புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு பேசப்பட்டது. 2018 இல் புத்தளம் மக்கள், ஆண்களும் பெண்களுமாக, மாதக்கணக்கில் வீதியில் இருந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் சகோதரிகள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்த போராட்டம் அது. தங்கள் ஊரில் மற்றவர் குப்பை வேண்டாம் என்று கேட்டவர்களின் பக்கம் நம்மில் பலர் நின்றோம். அப்படியானால் நம் குப்பையைக் குறைப்பதும் நம் கடமைதானே?

கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்கு இன்னொரு செய்தி தெரிந்திருக்கும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் குப்பை கொட்டும் இடம் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கேதான் போய்ச் சேர்ந்தது. உணவு மணத்துக்கு இழுபட்டு வந்த காட்டு யானைகள் சாப்பாட்டோடு பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கின. எட்டு வருட காலத்துக்குள் ஏறத்தாழ 20 யானைகள் அவ்வாறு இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வாயில்லா ஜீவன்களுக்கு கஞ்சி மணமும் கோப்பையும் வேறு வேறு என்று தெரியாது.

குப்பைமேடு வரை போகாத கோப்பைகளின் கதை வேறு. அவை வடிகானுக்குள் விழும். மழை பெய்தால் அடைத்துக்கொள்ளும். அல்லது வளவில் கவிழாமல் நிமிர்ந்து கிடக்கும். அதில் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்குக் குளமும் குட்டையும் தேவையில்லை. ஒரு கோப்பையின் அடியில் தேங்கும் தண்ணீரே அது முட்டையிடப் போதும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிரட்டையையும் யோகட் கோப்பையையும் பொறுக்கச் சொல்லி சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தது நினைவிருக்கும். கலியாணம் முடிந்து ஒரு வாரத்தில் அந்த வீட்டுக் குமர்ப்பிள்ளை காய்ச்சலில் விழுந்தால், காரணத்தை வேலியோரத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.

சட்டம் பாதி வழி வந்திருக்கிறது

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு முறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சு குழாய், இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கும் தடை வந்தது. ஆனால் நாம் என்ன செய்தோம்? பிளாஸ்டிக் கோப்பையை விட்டோம். அந்த இடத்தில் கடதாசிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தோம். எண்ணிக்கை குறையவில்லை. பிளாஸ்டிக் படலம் வெளியிலிருந்து உள்ளே போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். சட்டத்தால் ஒரு பொருளைத் தடுக்க முடியும். வீசும் பழக்கத்தை நாம்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் கோப்பை ஏன் வந்தது?

ஒரு பொருளைக் குறை சொல்லும் முன் அது ஏன் வந்தது என்று பார்ப்பது நியாயம். நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் புகைவண்டி நிலையங்களிலும் பாடசாலைகளிலும் தண்ணீர்ப் பீப்பாயோடு ஒரேயொரு தகரக் கோப்பையைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் கழுவாமலே அதில் குடிப்பார்கள். கயரோகம் முதலான நோய்கள் பரவுவதற்கு அது வழியாக இருந்தது. 1909 இல் கன்சாஸ் மாநிலம் அந்தப் பொதுக் கோப்பையைத் தடைசெய்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1907 இல், லோரன்ஸ் லூயலன் என்பவர் ஒரு முறை குடித்து வீசும் கடதாசிக் கோப்பையை உருவாக்கியிருந்தார். அதுதான் பின்னர் 'டிக்ஸி' என்ற பெயரில் உலகப் பிரசித்தி பெற்றது.

ஆகவே அன்று அது நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. ஆனால் பிரச்சினை கோப்பையைத் திரும்பப் பாவித்ததில் இருக்கவில்லை. கழுவாமல் பாவித்ததில் இருந்தது. சவர்க்காரமும் சுடுதண்ணீரும் உள்ள வீட்டில் அந்தக் காரணம் செல்லாது. 2020 இல் கொரோனா வந்தபோது பயத்தில் எல்லோரும் மீண்டும் வீசும் கோப்பைக்குத் திரும்பினோம். பயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

நம் வீடுகளில் அது நுழைந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை ஆண்கள் கவனமாகக் கேட்க வேண்டும். விருந்து என்றால் முன்னால் இருப்பவர்கள் பேசிச் சிரித்துக் குடிப்பார்கள். பின்னால் குசினியில் உம்மாவும் ராத்தாவும் மாமியும் நடுச்சாமம் வரை குந்தியிருந்து கிளாஸ் கழுவுவார்கள். ஐந்நூறு பேருடைய கிளாஸைக் கழுவி இடுப்பொடிந்த பெண்ணுக்குக் கடதாசிக் கோப்பை ஒரு விடுதலையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. "வீணாகிறது, கிளாஸில் கொடுங்கள்" என்று முன்னாலிருந்து கட்டளையிட்டுவிட்டுக் கழுவும் வேலையை மட்டும் பெண்கள் தலையில் கட்டினால், அது சுற்றாடல் சேவை அல்ல, அநியாயம். கிளாஸ் திரும்பி வர வேண்டுமானால் கழுவும் கைகளும் மாற வேண்டும். கழுவுவது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தப் பிரச்சினை தீராது.

மற்றவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்

ஜேர்மனியின் பிரைபர்க் நகரில் 2016 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கடையில் கோப்பி வாங்கும்போது ஒரு யூரோ வைப்புப் பணம் கொடுத்து, கழுவிப் பாவிக்கக்கூடிய உறுதியான கோப்பையில் வாங்கிச் செல்லலாம். குடித்து முடித்ததும் திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையிலாவது கோப்பையைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நம் ஊரில் சோடாப் போத்தலுக்குக் காசு கட்டி, வெறும் போத்தலைக் கொடுத்துத் திரும்ப வாங்கிய அதே முறைதான் இது. இதிலே நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை.

அயர்லாந்தின் கிலார்னி என்ற சிறிய உல்லாசப் பயண நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 ஜூலையில் அங்குள்ள கோப்பிக் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் ஒன்றுகூடி, வீசும் கோப்பையில் இனிக் கோப்பி கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். சொந்தக் கோப்பை கொண்டுவர வேண்டும், அல்லது இரண்டு யூரோ வைப்புப் பணம் கட்டி எடுக்க வேண்டும். முதல் வருடத்திலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோப்பைகள் மிச்சமாயின. இதை ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. ஓர் ஊர்க் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி எடுத்த தீர்மானம் இது. ஒரு சின்ன ஊருக்கு முடிந்தால் நம் ஊர்களுக்கும் முடியும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் பேசிக் களைப்பதை விட, கைக்கு எட்டியதைச் செய்வோம். கீழே சொல்பவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில்: வீட்டுக்கு வரும் நான்கு விருந்தாளிகளுக்குக் கடதாசிக் கோப்பை நீட்டும் வழக்கம் சில வீடுகளில் வந்திருக்கிறது. கண்ணாடி அலுமாரியில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகளைப் பின் எதற்காக வாங்கினோம்? அவற்றை இறக்குங்கள். வந்தவருக்கும் அதுதான் மரியாதை.

கடையில்: தேநீர்க் கடையில் உட்கார்ந்து குடிக்கும்போது, "நானா, கடதாசிக் கோப்பை வேணாம், கிளாஸ்ல ஊத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிளாஸ் சுத்தமில்லை என்று தோன்றினால் அதையும் முகம் கோணாமல் சொல்லுங்கள். சுடுதண்ணீரில் அலசித் தரச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தானாகவே திருந்துவார்.

வேலைத்தளத்தில்: மேசையில் உங்களுக்கென்று ஒரு கோப்பை இருக்கட்டும். கடைப் பையனிடம் கேத்தலில் தேநீர் வாங்கிவரச் சொல்லி, அவரவர் கோப்பையில் ஊற்றிக் குடித்தால் போதும். பத்துப் பேர் உள்ள காரியாலயத்தில் ஆளுக்கு இரண்டு தேநீர் என்றால், நாளொன்றுக்கு இருபது கோப்பை மிச்சம்.

பயணத்தில்: பிளாஸ்குத் தண்ணீரும் ஒரு எவர்சில்வர் கோப்பையும் பையில் இருந்தால் பஸ் நிலையத்தில் எதையும் வாங்கி வீச வேண்டியதில்லை. முன்பு நம் மூத்தவர்கள் ஹஜ்ஜுக்குப் போனபோதும், உறவு ஊருக்குப் போனபோதும் அப்படித்தான் போனார்கள்.

பள்ளிவாசலில்: நிர்வாகத்தில் உள்ள சகோதரர்கள் நோன்புக்கு முன் ஒரு கூட்டத்தில் இதை எடுத்துப் பேசலாம். கஞ்சிக்குப் பீங்கான் கோப்பை பாவித்த காலம் நமக்கு மறந்துவிடவில்லை. சில பள்ளிவாசல்களின் களஞ்சிய அறையில் அந்தக் கோப்பைகள் இன்னும் தூசு படிந்து கிடக்கும். அவற்றை எடுத்துக் கழுவிப் பாருங்கள். குறைந்தால், நோன்பு திறப்பிக்க நன்கொடை தருபவர்களிடம் ஒரு நாள் செலவுக்குப் பதிலாக ஐம்பது கோப்பை வாங்கித் தரச் சொல்லுங்கள். கஞ்சி வீட்டுக்கு வாங்கிப்போகும் பிள்ளைகளைப் பையோடு அனுப்பாமல் தூக்குச் சட்டியோடு அனுப்புவது தாய்மாரின் பொறுப்பு.

கலியாண வீட்டில்: மண்டபக்காரரோடும் சமையற்காரரோடும் பேசும்போதே "குடிக்கக் கிளாஸ்தான்" என்று சொல்லிவிடுங்கள். வாடகைக்குப் பாத்திரம் கொடுப்பவர்களிடம் ஸஹனோடு கிளாஸும் கிடைக்கும். 500 பேருக்கு 500 கிளாஸ் தேவையில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் குடிப்பதில்லை. கழுவிக் கழுவிக் கொடுக்க ஆள் இருந்தால் 150, 200 கிளாஸ் தாராளம். கழுவுவதற்கு இரண்டு பேரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குக் கொடுக்கும் காசு அவர்கள் கைக்குப் போகட்டும்; ஓர் ஏழை வீட்டில் அன்று அடுப்பெரியும்.

மௌத்து வீட்டில்: துயரத்தில் இருப்பவர்களிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அயலவர்கள்தான் இதைப் பொறுப்பெடுக்க வேண்டும். ஒரு மஹல்லாவுக்கு ஒரு பெட்டி: அதில் நூறு கிளாஸ், நான்கு பேசின், இரண்டு பெரிய கேத்தல். பள்ளிவாசலிலோ வாலிபர் சங்கத்திலோ அந்தப் பெட்டி இருக்கட்டும். செய்தி வந்ததும் இளைஞர்கள் பெட்டியைக் கொண்டுபோய், தேநீர் பரிமாறி, கழுவித் துடைத்து, எண்ணித் திரும்ப வைக்கட்டும். ஆறுதல் சொல்லத் தெரியாமல் வாசலில் நிற்கும் இளைஞருக்கு இது நல்லதொரு பணி.

கழுவும் முறை

நான்கு பேசின் போதும். முதலாவதில் மிச்சத்தை ஊற்றி வெறுந்தண்ணீரில் அலசுவது. இரண்டாவதில் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது. மூன்றாவதில் நல்ல தண்ணீரில் அலசுவது. கடைசியாகக் கொதிநீரில் முக்கியெடுப்பது. பிறகு சுத்தமான வலைத்தட்டில் கவிழ்த்து வைத்தால் தானாகவே காயும். ஒரே துண்டால் நூறு கிளாஸைத் துடைப்பதுதான் அசுத்தம், அதைத் தவிருங்கள். பேசின் தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கழுவிய தண்ணீரை வாழையடிக்கு ஊற்றலாம். தடிமன், இருமல் உள்ளவர்களுடைய கிளாஸைத் தனியாக வைத்துக் கொதிநீரில் நன்றாக ஊறவிட்டுக் கழுவுங்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று

"கழுவுவதற்கும் தண்ணீரும் விறகும் மின்சாரமும் செலவாகிறதே, அது வீண் இல்லையா?" நியாயமான கேள்வி. இதைக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்து இரசாயனவியல் அறிஞர் மார்ட்டின் ஹொக்கிங் 1994 இல் கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு கிளாஸைச் செய்வதற்கும் ஒவ்வொரு தடவையும் அதைக் கழுவுவதற்கும் ஆகும் சக்தியை, அத்தனை கடதாசிக் கோப்பைகளைச் செய்ய ஆகும் சக்தியோடு ஒப்பிட்டார். கிளாஸைப் பதினைந்து தடவை பாவித்தால் கடதாசிக் கோப்பைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் பாவிக்கும் ஒவ்வொரு தடவையும் இலாபம். பீங்கான் கோப்பைக்கு அந்தக் கணக்கு 39 தடவை.

நம் பள்ளிவாசலுக்கு வருவோம். நோன்பு காலத்தில் ஒரு கிளாஸ் நாளொன்றுக்கு இரண்டு தடவை பாவிக்கப்பட்டால் எட்டாம் நோன்பிலேயே அந்தப் பதினைந்தைத் தாண்டிவிடும். மிச்சம் இருபத்திரண்டு நோன்பும், அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் இலாபம்தான். ஆனால் இதிலே ஒரு நிபந்தனை இருக்கிறது. வாங்கிய கிளாஸை உடைக்காமல் பாதுகாக்க வேண்டும். புதுப்புது வடிவத்தில் கண்டதையெல்லாம் வாங்கி அலுமாரியில் அடுக்கினால் அதுவும் ஒரு வகை வீண்விரயமே. இருக்கிறதை நெடுங்காலம் பாவிப்பதுதான் சிக்கனம்.

முடிவாக...

கோப்பை சிறியதுதான். ஊரையே மாற்றிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. குப்பைமேட்டில் இதைவிடப் பெரிய பெரிய பொருட்கள் கிடக்கின்றன. ஆனால் மற்றவற்றை நிறுத்துவதற்கு மற்றவர்களுடைய உத்தரவு வேண்டும்; இதை நிறுத்த நம்முடைய நிய்யத்தும் ஒரு பேசின் தண்ணீரும் போதும். வீண்விரயம் கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித்தரப்பட்ட பாடம். கோப்பையில் உள்ள தேநீரைச் சிந்தாமல் குடிக்கப் பிள்ளைக்குப் பழக்குகிறோம். கோப்பையையும் வீசாமல் கழுவி வைக்கப் பழக்குவோம்.

அடுத்த கலியாணம் உங்கள் வீட்டிலா? அப்படியானால் அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே கிளாஸ் கழுவ யாரென்று வீட்டு ஆண்களோடு பேசி முடிவெடுங்கள். மாப்பிள்ளையின் தம்பிமாரும் மச்சான்மாரும் கையை மடித்துக்கொண்டு பேசினுக்கு முன்னால் குந்தட்டும். மறுநாள் காலையில் உங்கள் வேலியோரம் எப்படியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் பள்ளிவாசலில் இதைச் செய்து பார்த்த அனுபவம் இருந்தால் எங்களுக்கும் எழுதுங்கள். இன்னொரு ஊருக்கு அது வழிகாட்டியாக அமையட்டும்.